நாகசாகி: நீங்கள் எத்தனை கிலோமீட்டரில் இருந்தீர்கள்?

ஹிரோஷிமா, நாகசாகி. இரண்டு ஊர்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிப் புத்தகத்தில் ஹிரோஷிமாவைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். அதன் கடைசியில் "மூன்று நாள் கழித்து நாகசாகி மீதும் அணுகுண்டு வீசப்பட்டது" என்று ஒரு வரி வரும். அந்த "மீதும்" என்ற சொல்லின் கடைசி "உம்" என்னை வெகுநாளாக உறுத்துகிறது. 1945 முடிவதற்குள் நாகசாகியில் இறந்தவர்கள் 73,884 பேர் என்பது அந்த நகரத்தின் கணக்கு. அத்தனை பேரையும் ஒரு "உம்"முக்குள் அடக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

நாகசாகியைத் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கருத்து தூரம். அணுகுண்டில் தப்பியவர்களை ஜப்பானில் 'ஹிபாகுஷா' என்கிறார்கள். அவர்கள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் பெயர் வரும், அடுத்து அன்றைக்கு இருந்த வயது, அப்புறம் ஓர் எண். "நான் 1.8 கிலோமீட்டரில் இருந்தேன்." "நான் 3.2 கிலோமீட்டரில் இருந்தேன்." எங்கிருந்து 1.8 என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு ஜப்பானிய மொழியில் 'பகுஷின்சி' என்று பெயர். நாம் வெடிமையம் என்று சொல்லலாம்.

வெடிமையம் என்றால் குண்டு தரையில் வந்து விழுந்த இடம் என்று நினைத்துவிட வேண்டாம். நாகசாகியில் குண்டு தரையைத் தொடவே இல்லை. 1945 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, காலை 11 மணி 2 நிமிடத்துக்கு, மட்சுயாமா என்ற குடியிருப்புப் பகுதிக்கு மேலே ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் அது வெடித்தது. வெடித்த புள்ளியிலிருந்து ஒரு நூலில் குண்டுமணியைக் கட்டித் தொங்கவிட்டால் அது தரையில் எந்த இடத்தைத் தொடுமோ, அதுதான் வெடிமையம். இன்றைக்கு அங்கே ஒரு கறுப்புக் கல்தூண் நிற்கிறது. வீடும் பள்ளியும் தேவாலயமும் மரமும் மனிதரும் அந்தத் தூணிலிருந்து எவ்வளவு தள்ளி என்றுதான் அளக்கப்படுகிறார்கள்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். அந்தத் தூண் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது? அதிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் ஏன் எல்லாமே மாறிவிடுகிறது?

தூண் ஏன் அங்கே நிற்கிறது

நாகசாகி கியூஷு தீவின் மேற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம். 1571-இல் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்காகத் திறந்துவிடப்பட்ட துறைமுகம். பின்னாளில் ஜப்பான் வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டபோது ஐரோப்பியருடன் வணிகம் நடந்த ஒரே வாசல் இந்த ஊர்தான். தெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில் டச்சுக்காரர்களை உட்காரவைத்து வியாபாரம் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அது மிட்சுபிஷியின் ஊராகிவிட்டது. கப்பல் கட்டும் தளம், எஃகு ஆலை, ஆயுத ஆலை, டார்பிடோ ஆலை எல்லாம் அங்கே இருந்தன.

இத்தனை இருந்தும், குண்டு போடுவதற்காக அமெரிக்கர்கள் குறித்துவைத்த ஊர்களின் முதல் பட்டியலில் நாகசாகி இல்லை. பட்டியலில் இருந்த கியோட்டோவை அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் விடாப்பிடியாக நீக்கச் சொன்னார். ஜப்பானின் பழைய தலைநகரை, அதன் கோயில்களோடு அழிக்க அவர் ஒப்பவில்லை. அந்த இடத்துக்கு நாகசாகி வந்தது. ஜூலை 25 அன்று போன உத்தரவில் ஹிரோஷிமா, கோக்குரா, நீகாட்டா, நாகசாகி என்று நான்கு பெயர்கள் இருந்தன. அதே உத்தரவில் இன்னொரு வரியும் உண்டு: அடுத்தடுத்த குண்டுகளை அவை தயாரானவுடனே போடலாம். ஆகவே ஹிரோஷிமாவுக்குப் பிறகு யாரும் உட்கார்ந்து யோசித்து "இன்னொன்றும் தேவை" என்று தனியாக முடிவெடுக்கவில்லை. முதல் உத்தரவே இரண்டாவதற்கும் உத்தரவாக இருந்தது. முதலில் ஆகஸ்ட் 11 என்று வைத்திருந்த நாளையும், வானிலை கெடப்போகிறது என்ற கணிப்பால் 9-ஆம் தேதிக்கு முன்னால் இழுத்தார்கள். இரண்டாவது குண்டுக்கு நியாயம் சொல்கிறவர்கள் இந்த விவரத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

9-ஆம் தேதி விடிவதற்கு முன்பே பசிபிக் கடலில் உள்ள டினியன் தீவிலிருந்து விமானம் கிளம்பியது. பெயர் 'பாக்ஸ்கார்', ஓட்டியவர் மேஜர் சார்ல்ஸ் சுவீனி. கிளம்பும்போதே ஒரு பம்ப் வேலை செய்யவில்லை. சுமார் 2,400 லிட்டர் எரிபொருள் தொட்டியில் இருந்தும் இல்லாத கணக்கு. யாக்குஷிமா தீவின் மேலே கூட வர வேண்டிய இன்னொரு விமானத்துக்காக வட்டமடித்துக் காத்திருந்ததில் முக்கால் மணி நேரம் போனது. அது வரவே இல்லை. அன்றைய முதல் இலக்கு நாகசாகி அல்ல, கோக்குரா. பெரிய இராணுவ ஆயுத ஆலை இருந்த ஊர். கண்ணால் இலக்கைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது உத்தரவு. கோக்குராவின் மேலே மூடியிருந்தது மேகமா, முந்தின நாள் குண்டுவீச்சில் எரிந்த பக்கத்து ஊர் யாவாட்டாவின் புகையா என்பதில் இன்றும் பேச்சு உண்டு. மூன்று முறை சுற்றி வந்தும் இலக்கு தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே போனது. விமானம் நாகசாகிப் பக்கம் திரும்பியது.

நாகசாகியிலும் மேகம்தான். குண்டைத் திருப்பி எடுத்துப்போகவும் எரிபொருள் போதாது. ரேடாரை வைத்தே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்துப் போய்க்கொண்டிருந்தபோது கடைசி நேரத்தில் மேகத்தில் ஒரு திறப்பு தெரிந்தது. குண்டு விழுந்தது. குறிவைத்திருந்த இடம் பழைய நகரத்தின் நடுப்பகுதி. வெடித்தது அதிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி, உராக்காமி பள்ளத்தாக்கின் மேலே. விமானம் தொட்டி வற்றும் நிலையில் ஒக்கினாவாவில் போய் இறங்கியது.

தூண் அங்கே நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். ஒரு பம்ப், ஒரு காத்திருப்பு, ஒரு மேகம், இன்னொரு மேகத்தில் ஓர் ஓட்டை.

உராக்காமி பள்ளத்தாக்கு என்று சொன்னேன். அது என்ன இடம் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜப்பானில் கிறிஸ்தவம் 1614-இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகள் பாதிரியார் இல்லாமல், கோயில் இல்லாமல், வாய்வழியாகவே செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மறைவாக நம்பிக்கையைக் காத்த விவசாயிகளின் கிராமம் உராக்காமி. கிறிஸ்தவர் இல்லை என்று காட்டுவதற்காக அவர்களைத் திருவுருவங்களை மிதிக்கச் சொன்ன இடத்தை, தடை நீங்கிய பிறகு அவர்களே விலைக்கு வாங்கினார்கள். அங்கே சொந்தக் காசில், கல்லும் செங்கல்லுமாக ஒரு பேராலயம் எழுப்பினார்கள். 1895-இல் தொடங்கிய வேலை 1914-இல் முடிந்தது. வெடிமையத்திலிருந்து அதன் தூரம் சுமார் 500 மீட்டர். ஆகஸ்ட் 15 அன்னையின் விண்ணேற்புத் திருநாள். அதற்கு முன்னோட்டமாக அந்தக் காலை உள்ளே பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கு, நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு குருக்களும், முறைக்குக் காத்திருந்தவர்களும் அங்கேயே இறந்தார்கள். உராக்காமியின் 12,000 கத்தோலிக்கர்களில் ஏறக்குறைய 8,500 பேர் இறந்தார்கள் என்று கணக்கு.

கொஞ்சம் நகர்ந்தால் என்ன மாறுகிறது

முதலில் குண்டைப் பார்ப்போம். ஹிரோஷிமாவில் வெடித்தது யுரேனியக் குண்டு. நாகசாகியில் வெடித்தது புளூட்டோனியம். 'ஃபேட் மேன்', குண்டன், என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலரை டன்னுக்கும் மேல் எடை. ஆனால் வெடித்த பொருள் நடுவில் இருந்த 6 கிலோ சொச்சம் புளூட்டோனியம்தான், கிட்டத்தட்ட ஒரு சாத்துக்குடி அளவு. மற்றதெல்லாம் அதை அமுக்குவதற்கான ஏற்பாடு.

ஏன் அமுக்க வேண்டும்? புளூட்டோனியத்தின் அணுக்கரு ஒன்று பிளந்தால் அதிலிருந்து நியூட்ரான்கள் தெறிக்கும். அவை பக்கத்து அணுக்கருக்களில் மோதி அவற்றைப் பிளக்கும். அவையும் நியூட்ரான்களைத் தெறிக்கவிடும். இதுதான் சங்கிலித்தொடர் வினை. சாதாரண நிலையில் பெரும்பாலான நியூட்ரான்கள் எதிலும் மோதாமல் வெளியே ஓடிவிடும். அந்த உருண்டையைச் சுற்றி வெடிமருந்தைக் கச்சிதமாக அடுக்கி, எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நொடியில் உள்நோக்கி வெடிக்கச் செய்தால், உருண்டை நசுங்கி அணுக்கள் நெருங்கிவிடும். நியூட்ரான் தப்ப முடியாது. அப்புறம் நடப்பதெல்லாம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடுகிறது. 6 கிலோவில் உண்மையில் பிளந்தது சுமார் 1 கிலோ. அதில் ஆற்றலாக மாறி மறைந்த நிறை வெறும் 1 கிராம் அளவு. வெளிப்பட்ட ஆற்றல் 21,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமா குண்டைவிட இது பெரியது.

அந்த ஆற்றல் மூன்று வடிவத்தில் கீழே வந்தது: வெப்பம், அதிர்ச்சி அலை, கதிர்வீச்சு. தோராயமாகப் பாதி அதிர்ச்சி அலையாகவும், மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகவும், மீதி கதிர்வீச்சாகவும் போனது. தூரம் கூடக்கூட இந்த மூன்றும் ஒரே மாதிரி குறைவதில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வெப்பம் ஒளியைப் போல உடனே வந்து சேரும். வெடிமையத்தில் தரையின் வெப்பம் 3,000 முதல் 4,000 டிகிரி வரை போனது. இரும்பு உருகுவதற்கு 1,540 டிகிரி போதும். வீட்டுக் கூரை ஓடுகளின் மேற்பரப்பு கொதித்துக் கொப்புளம் கட்டியது. அந்த ஓடுகளை இன்றும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 4 கிலோமீட்டர் வரை வெறும் தோலில் பட்டவர்களுக்குத் தீக்காயம் ஏற்பட்டது. ஒளி என்பதால் அதற்கு நிழலும் உண்டு. ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தவர் தப்பினார், பக்கத்தில் ஓரடி வெளியே நின்றவர் எரிந்தார். கறுப்புத் துணி வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளை திருப்பிவிடும். அதனால் சிலருடைய தோலில் உடையின் பூவேலை அப்படியே பதிந்தது.

சுமிதெரு தனிகுச்சி என்ற 16 வயதுத் தபால்காரச் சிறுவன் அன்று சைக்கிளில் கடிதம் கொடுத்துக்கொண்டு போனான். 1.8 கிலோமீட்டர். முதுகு வெடிமையத்தின் பக்கம் திரும்பியிருந்தது. முதுகு முழுவதும் எரிந்துபோனது. ஒரு வருடம் ஒன்பது மாதம் குப்புறவே படுத்திருந்தான். வலி தாங்காமல் "என்னைக் கொன்றுவிடுங்கள்" என்று கத்தியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சிவந்த முதுகின் வண்ணப்படம் உலகம் முழுக்கப் போனது. 2017-இல் இறக்கும்வரை, சட்டையைக் கழற்றித் தன் உடம்பைக் காட்டிப் பேச அவர் தயங்கியதில்லை.

அதிர்ச்சி அலை கொஞ்சம் தாமதமாக வரும், ஏனென்றால் அது காற்று. தப்பியவர்கள் இந்தக் குண்டை 'பிகாடோன்' என்பார்கள். 'பிகா' மின்னல், 'டோன்' முழக்கம். நாம் பளீர், டமால் என்போமே, அதுமாதிரி. இந்தப் பளீருக்கும் டமாலுக்கும் நடுவே உள்ள சில நொடிகளைத் தூரம்தான் தீர்மானிக்கிறது. சுட்டோமு யாமகுச்சி என்ற மிட்சுபிஷிப் பொறியாளர் வேலையாக ஹிரோஷிமாவுக்குப் போன இடத்தில் முதல் குண்டில் சிக்கி, தீக்காயத்தோடு சொந்த ஊரான நாகசாகிக்குத் திரும்பியிருந்தார். ஒரே குண்டில் ஒரு நகரம் போய்விட்டது என்று அவர் சொன்னதை மேலதிகாரி நம்பவில்லை. அதை விளக்கிக்கொண்டிருந்தபோதே ஜன்னலில் அந்த வெளிச்சம் மறுபடியும் வந்தது. அவருக்குத் தெரியும். உடனே தரையில் விழுந்தார். அந்த அலுவலகம் ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் இருந்தது. இரண்டு நகரங்களிலும் குண்டில் சிக்கியவர் என்று 2009-இல் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு, 93 வயதில் இறந்தார்.

ஆகஸ்ட் 9 காலை அபாயச் சங்கு ஊதி, எட்டரை மணிவாக்கில் அபாயம் நீங்கியதாக அறிவிப்பும் வந்துவிட்டது. பதுங்குகுழிகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்து வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பதினொரு மணிக்கு வானத்தில் தெரிந்த இரண்டு விமானங்களும் வேவு பார்க்க வந்தவை என்றுதான் கணித்தார்கள். மட்சுயாமாவில் சுமார் 300 வீடுகள், 1,860 பேர். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களில் பிழைத்தது பதுங்குகுழிக்குள் இருந்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே என்று நாகசாகியில் சொல்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது

கதிர்வீச்சு தூரத்தோடு குறையும் விதம்தான் பலருக்குப் புரியாதது. கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்பட வேண்டாம்.

ஒரு விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். பள்ளியில் படித்த எதிர் இருமடி விதி. குண்டு 500 மீட்டர் உயரத்தில் வெடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், வெடிமையத்திலிருந்து 1 கிலோமீட்டரில் இருந்தவருக்கும் 2 கிலோமீட்டரில் இருந்தவருக்கும் வித்தியாசம் மூன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும். உண்மையில் அப்படி இல்லை. நாகசாகியில் திறந்தவெளியில் காமாக் கதிர் அளவு 1 கிலோமீட்டரில் எட்டரை கிரே, 2 கிலோமீட்டரில் 0.14 கிரே என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிரே என்பது உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிரின் அலகு. நாலு கிரே உடம்பு முழுவதும் பட்டால், மருத்துவம் கிடைக்காத நிலையில் பாதிப்பேர் இறந்துவிடுவார்கள். ஆக, ஒரு கிலோமீட்டர் நகர்ந்ததற்குச் சுமார் அறுபது மடங்கு வித்தியாசம். அந்தக் கூடுதல் குறைவு எங்கிருந்து வந்தது? நடுவில் இருந்த காற்று விழுங்கியது. வெளிச்சத்துக்குக் காற்று ஒரு தடையே இல்லை. காமாக் கதிருக்கும் நியூட்ரானுக்கும் காற்று ஒரு மெத்தை மாதிரி. நடக்கிற ஒவ்வொரு நூறு மீட்டரும் ஓர் அடுக்கு மெத்தை.

இதனால்தான் நாகசாகியில் 1.2 கிலோமீட்டரா 1.6 கிலோமீட்டரா என்பது வாழ்க்கையின் கேள்வியாகிறது.

கதிர் வாங்கிய உடம்பில் முதலில் அடிபடுவது வேகமாகப் பெருகும் செல்கள். எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், முடியின் வேர். ஒரு காயமும் இல்லாமல் தப்பியவர்களுக்கு ஓரிரு வாரம் கழித்து முடி கொட்டியது, ஈறில் இரத்தம் கசிந்தது, தோலில் ஊதாப் புள்ளிகள் வந்தன. அப்புறம் இறந்துபோனார்கள். மருத்துவர்களுக்கே என்னவென்று தெரியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் இராணுவத் தடையை மீறி நாகசாகிக்குள் போன அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜார்ஜ் வெல்லர் இதைப் பெயர் தெரியாத நோய் என்றுதான் எழுதி அனுப்பினார். அவருடைய செய்திகளைத் தணிக்கை அதிகாரிகள் வெளியே விடவில்லை. நகல்கள் கிடைத்து அவை புத்தகமாக வந்தது 2006-இல்.

நகரத்தின் மருத்துவக் கல்லூரியும் வெடிமையத்திலிருந்து 600, 700 மீட்டருக்குள்தான் இருந்தது. ஆசிரியர்கள், மாணவர்கள், செவிலியர்கள் என்று எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்து கொடுக்க வேண்டியவர்களே முதலில் போய்விட்டார்கள். அங்கே கதிரியல் மருத்துவராக இருந்த தகாஷி நாகாய்க்கு, எக்ஸ்ரே வேலை பார்த்துப் பார்த்தே ஏற்கெனவே இரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. தலையில் வெட்டுக்காயத்தோடு, மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு காயம்பட்டவர்களைப் பார்த்தார். தன் வீட்டுக்குப் போக அவருக்கு இரண்டு நாளானது. சாம்பலில் மனைவியின் எலும்புகளும், கூடவே செபமாலையும் கிடைத்தன. பிறகு படுக்கையில் கிடந்தபடியே எழுதிக்கொண்டிருந்து 1951-இல் இறந்தார்.

தப்பித்தவர்களுக்குக் கதிர் அதோடு விடவில்லை. சில ஆண்டுகளில், குறிப்பாகக் குழந்தைகளாக இருந்தவர்களிடம் இரத்தப் புற்றுநோய் கூடியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மற்றப் புற்றுநோய்கள் கூடின. இந்த ஆய்வுகளிலும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முதலில் குறிக்கப்படுவது தூரம்தான். எங்கே இருந்தீர்கள், வீட்டுக்குள்ளா வெளியிலா, எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியதிலிருந்துதான் உலகம் இன்று கதிர்ப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் அளவுகளில் பெரும்பகுதி வந்தது. ஹிபாகுஷாக்களின் பிள்ளைகளுக்கு மரபுவழிப் பாதிப்பு இருப்பதாக இதுவரையான ஆய்வுகளில் தெரியவரவில்லை. ஆனால் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அது போதவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து தன் எண்ணை வாழ்நாள் முழுக்க மறைத்தவர்கள் ஏராளம்.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வி: சரி, அப்படியென்றால் இன்றைக்கு அந்த ஊரில் எப்படி மக்கள் வாழ்கிறார்கள்? செர்னோபில் பக்கம் போகக்கூடாது என்கிறார்களே? செர்னோபிலில் ஓர் அணு உலையிலிருந்து டன் கணக்கில் எரிபொருள் சிதறித் தரையில் படிந்தது. நாகசாகியில் மொத்தமே 6 கிலோ. அதுவும் உயரத்தில் வெடித்ததால், தீக்கோளம் பெரும்பகுதியைத் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிழக்கே நிஷியாமா பக்கம், சாம்பலும் கதிர்ப்பொருளும் கலந்த கறுப்பு மழையாகக் கொஞ்சம் இறங்கியது. மிச்சக் கதிர் வேகமாகத் தேய்ந்துவிட்டது. இன்று நாகசாகியின் மண்ணில் இருப்பது மற்ற ஊர்களில் இருக்கும் இயற்கை அளவுதான். சுமார் 4 லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். 800 மீட்டரில் இருந்த சன்னோ கோயிலின் கற்பூர மரங்கள், அன்று கரிக்கட்டையாய் நின்றவை, இப்போது தெருவுக்கே நிழல் தருகின்றன. அந்தக் கோயிலின் கல் தோரணவாயிலில் பாதி விழுந்துவிட்டது. மீதிப் பாதி ஒற்றைக் காலில் இன்றும் நிற்கிறது.

மலை காப்பாற்றியதும் காப்பாற்றாததும்

பெரிய குண்டு விழுந்த நாகசாகியில் ஹிரோஷிமாவைவிடக் குறைவானவர்கள் ஏன் இறந்தார்கள்? ஹிரோஷிமா தட்டையான நிலம், நகரத்தின் நடுவில் குண்டு. நாகசாகியில் உராக்காமி பள்ளத்தாக்குக்கும் பழைய நகரத்துக்கும் நடுவே கொன்பிரா மலை இருக்கிறது. 366 மீட்டர். அந்த மலையின் மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கு மலையே சுவரானது. 3.2 கிலோமீட்டரில் தன் வீட்டு மாடியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த 13 வயதுப் பையன் தெருமி தனாக்கா பிழைத்தார். மூன்று நாள் கழித்து அந்த மலையைத் தாண்டி உராக்காமிக்குள் உறவினர்களைத் தேடிப் போனார். ஐந்து பேரை இழந்திருந்தது அந்தக் குடும்பம். அந்தப் பையன்தான் 2024 டிசம்பரில், 92 வயதில், ஹிபாகுஷாக்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்கியோவுக்குக் கிடைத்த அமைதிக்கான நோபல் பரிசு விழாவில் ஆஸ்லோவில் பேசியவர். அந்த அமைப்பு 1956 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஊரும் நாகசாகிதான்.

பள்ளத்தாக்குக்குள் இருந்தவர்களுக்கு அதே மலைகள் வேறு மாதிரி. எங்கும் போக வழியில்லை. 500 மீட்டரில் இருந்த ஷிரோயாமா தொடக்கப் பள்ளியின் ஏறக்குறைய 1,400 பிள்ளைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்று வீட்டில் இருந்தார்கள். வீடுகளும் அதே பள்ளத்தாக்கில்தான். சிறைச்சாலையில் கைதிகளும் காவலர்களும் குடும்பத்தாருமாக 134 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. ஜப்பானியர் மட்டும் இறந்தார்கள் என்றும் நினைக்கக் கூடாது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். சீனத் தொழிலாளர்கள் இறந்தார்கள். போர்க்கைதி முகாமில் டச்சு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் இருந்தார்கள்.

ஜப்பான் நடத்திய போரை நான் மறந்துவிட்டுப் பேசவில்லை. சயாம் மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் செத்தது அந்த இராணுவத்தின் கையில்தான். உராக்காமியில் டார்பிடோ செய்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஷிரோயாமா பள்ளிப் பிள்ளை அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவள் அல்ல. இரண்டையும் ஒருசேர மனதில் வைத்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

குண்டு போரை முடித்ததா? அதே ஆகஸ்ட் 9 விடியற்காலையில் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டது. டோக்கியோவில் உச்சப் போர்க்குழு சரணடைவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நாகசாகிச் செய்தி வந்தது. செய்தி வந்த பிறகும் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தே இருந்தார்கள். அன்று நள்ளிரவு தாண்டி மன்னர் முடிவு சொன்னார். எது எவ்வளவு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆகஸ்ட் 10 அன்று, தன்னைக் கேட்காமல் இன்னொன்று போடக் கூடாது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் சொல்லிவிட்டார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு அதைச் சொல்லியிருந்தால் உராக்காமி இருந்திருக்கும்.

கோடு

இனித் தூரத்தின் கடைசிக் கதை. 1957-இல் ஹிபாகுஷாக்களுக்கு மருத்துவ உதவி தரும் சட்டம் வந்தது. கையேடு ஒன்று கொடுப்பார்கள். அது இருந்தால் சிகிச்சை இலவசம். யாருக்குக் கொடுப்பது? குண்டு வெடித்தபோது குறிப்பிட்ட பகுதிக்குள் இருந்தவர்கள், இரண்டு வாரத்துக்குள் வெடிமையத்தின் அருகே போனவர்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிப் பராமரித்தவர்கள், அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்கள். அந்தக் "குறிப்பிட்ட பகுதி"யை நாகசாகியில் வட்டமாக வரையவில்லை. பழைய நகராட்சி, கிராம எல்லைகளை ஒட்டி வரைந்தார்கள். அதனால் தெற்கு வடக்காக 12 கிலோமீட்டர் வரை நீளும், கிழக்கு மேற்காக 7 கிலோமீட்டரோடு நின்றுவிடும். காற்றும் கறுப்பு மழையும் கிராம எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. 10 கிலோமீட்டரில் தெற்கே இருந்தவர் ஹிபாகுஷா. அதே 10 கிலோமீட்டரில் கிழக்கே, சாம்பலும் எரிந்த காகிதத் துண்டுகளும் வந்து விழுந்த வயலில் நின்றிருந்தவர் ஹிபாகுஷா அல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு அரசு வேறு ஒரு சொல் வைத்திருக்கிறது: 'ஹிபாகு தாய்கென்ஷா'. குண்டை அனுபவித்தவர். பாதிக்கப்பட்டவர் அல்லர், அனுபவித்தவர்.

அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2024 செப்டம்பரில் நாகசாகி மாவட்ட நீதிமன்றம், வழக்குத் தொடுத்த 44 பேரில் 15 பேரை ஹிபாகுஷாவாக ஏற்கச் சொன்னது. அந்த 15 பேரின் கிராமங்கள் கிழக்கே, கறுப்பு மழை பெய்ததற்குச் சான்று இருந்த பக்கம். மற்றவர்களுக்குச் சான்று போதவில்லை என்றது தீர்ப்பு. மேல்முறையீடு போனது. 2025 மார்ச் கணக்குப்படி ஜப்பானில் கையேடு வைத்திருக்கும் ஹிபாகுஷாக்கள் முதல்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 86. வழக்குத் தொடுத்த 44 பேரில் சிலர் தீர்ப்பைக் கேட்கும்முன்பே இறந்துவிட்டார்கள்.